மறைந்த இடம் எங்கே?



ஒரு பொருள் காணாமற்போயிற்று என்று நாம் சொல்லும்போது, அந்த ஒரு சொல்லுக்குள் பல நிலைகள் அடங்கியிருக்கின்றன. திருடன் கொண்டுசென்ற பொருளும் காணாமற்போனதுதான். நாமே பரணில் ஏற்றிவிட்டு மறந்த பொருளும் காணாமற்போனதுதான். வீட்டிலுள்ள மற்றொருவர் எடுத்துப் பத்திரப்படுத்திய பொருளும், அச்செய்தி நமக்குத் தெரியும்வரை, காணாமற்போனதாகவே தோன்றும். இவற்றுள் எது நிகழ்ந்தது என்று அறியாமலே கூச்சலிடுவது மனித இயல்பு. அறிந்தபின் பேசுவது கல்வியின் பயன்.

இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுக் கணினியைப் பற்றியது. கணினியின் வன்தட்டில் இவ்வளவு இடம் உண்டு என்று பெட்டியின்மீது அச்சிட்டிருக்கிறார்கள். திரையில் பார்த்தால் அவ்வளவு இல்லை. இருப்பதிலும் பெரும்பகுதி சில மாதங்களிலேயே நிரம்பிவிடுகிறது. நம் கோப்புகளையெல்லாம் கூட்டிப் பார்த்தாலோ அந்த அளவு வரவில்லை. எஞ்சிய இடம் எங்கே மறைந்தது? அதை மீட்பது எவ்வாறு? இவையே நம் முன்னுள்ள கேள்விகள்.

முதலில் வன்தட்டின் வரலாற்றை ஒரு கணம் நினைவுகூர்வோம். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் கணிப்பொறியோடு உலகின் முதல் வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து சுழன்றன. அத்தனை பெரிய பொறியில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துக்குறிகளே. இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் அவ்வளவு இடத்தையும் கொண்டுவிடக்கூடும். இடம் பன்மடங்கு பெருகிவிட்டது. பெருகப் பெருக, அதைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் பழக்கம் மட்டும் குறைந்துவிட்டது. செல்வம் மிகுந்த வீட்டில் சில்லறைக் கணக்கு மறைவதுபோல என்று இதைச் சொல்லலாம்.

மறைந்த இடத்தைத் தேடப் புகுவோர் முதலில் அறிய வேண்டுவது, மறைவுக்குரிய காரணங்கள் பல என்பதே. எண்ணும் முறையால் மறைந்தது ஒன்று. பங்கிடாமல் விட்டதால் மறைந்தது ஒன்று. இயங்குதளம் தன் தேவைக்கு ஒதுக்கியது ஒன்று. நாமே சேர்த்து வைத்து மறந்தது ஒன்று. உண்மையாகவே இழந்தது ஒன்று. இவ்வைந்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எண்ணும் முறை. மெட்ரிக் முறையில் 'கிலோ' என்றால் ஆயிரம். ஒரு கிலோகிராம் ஆயிரம் கிராம். ஒரு கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர். இதில் ஐயமில்லை. ஆனால் கணினி இரண்டின் அடுக்குகளாக எண்ணும் இயல்புடையது. இரண்டைப் பத்துமுறை பெருக்கினால் 1024 வரும். அது ஆயிரத்துக்கு மிக அண்மையில் இருந்தமையால், கணினி அறிஞர்கள் 1024 பைட்டுகளையும் ஒரு கிலோபைட்டு என்றே வழங்கத் தொடங்கினர். சிறிய அளவுகளில் இந்த வேறுபாடு நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை; ஆதலால் எவரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் வேறுபாடும் அடுக்கடுக்காக வளர்வது. மெகாபைட்டில் அது நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்தாயிற்று; ஜிகாபைட்டில் ஏழுக்கு மேலாயிற்று; டெராபைட்டில் ஏறத்தாழப் பத்தாயிற்று.

வன்தட்டு செய்வோர் ஆயிரம் ஆயிரமாக எண்ணிப் பெட்டியின்மீது அச்சிடுகின்றனர். விண்டோஸ் என்னும் இயங்குதளமோ 1024 என்னும் அடிப்படையில் எண்ணித் திரையில் காட்டுகிறது. எனவே 256 ஜிகாபைட்டு என்று விற்கப்பட்ட தட்டு, திரையில் 238 என்றே தோன்றும். 500 என்பது 465 ஆகும். ஒரு டெராபைட்டு என்பது 931 ஜிகாபைட்டு ஆகும். பைட்டுகளின் எண்ணிக்கை இரு இடத்தும் ஒன்றே. ஒரு பைட்டுகூடக் குறையவில்லை.

இது நமக்குப் புதிய அனுபவமன்று. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசம நாணய முறை வந்தது. அதற்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அன்றுமுதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. ரூபாய் அதே ரூபாய்தான். அதை உடைத்து எண்ணும் முறை மாறிற்று. 16-ம் 64-ம் இரண்டின் அடுக்குகள் என்பதைக் கவனியுங்கள். ஒன்றைப் பாதியாக்கினால் அரை. அரையைப் பாதியாக்கினால் கால். காலைப் பாதியாக்கினால் அரைக்கால். அதையும் பாதியாக்கினால் மாகாணி. இப்படிப் பாதி பாதியாகப் பகுத்து எண்ணிய நம் முன்னோர்க்குக் கணினியின் கணக்கு எளிதில் விளங்கியிருக்கும்! பத்துப் பத்தாக எண்ணும் வழக்கம் ஊறிப்போன நமக்குத்தான் அது விந்தையாகத் தோன்றுகிறது.

இக்குழப்பத்தைத் தீர்க்க அறிஞர்கள் முயலாமல் இல்லை. 1998-ஆம் ஆண்டில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024-ஐ அடிப்படையாகக் கொண்ட அளவுகளுக்கு கிபி, மெபி, கிபி என்பவை போன்ற தனிப் பெயர்களை வகுத்தது. தமிழில் எழுதும்போது ஆயிரத்துக்கு நிகரான முன்னொட்டும் நூறு கோடிக்கு நிகரான முன்னொட்டும் ஒரே வடிவாகத் தோன்றுவது நம் எழுத்தின் இயல்பு. ஒலியில் அவை வேறானவை. அப்பெயர்கள் நூல்களில் இடம்பெற்றனவேயன்றிக் கடைத்தெருவில் பரவவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்னோ லெப்பர்ட்' என்னும் இயங்குதளத்திலிருந்து, ஆயிரம் ஆயிரமாகவே எண்ணிக் காட்டும் முறையை மேற்கொண்டது. ஆகவே ஒரே வெளித்தட்டை இருவேறு கணினிகளில் பொருத்தினால், இருவேறு எண்கள் தோன்றுவதைக் காணலாம். அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின்மீது இதுகுறித்து வாங்கியோர் வழக்கே தொடுத்தனர். 2006-ஆம் ஆண்டில் அது சமரசத்தில் முடிந்தது. எண்ணின் அடிப்படையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் எவ்வளவு வழக்கு விளையும் என்பதற்கு இது சான்று.

எனவே முதற்பாடம் இது: இவ்வகையில் மறைந்த இடத்தை மீட்க எவராலும் இயலாது, ஏனெனில் அது மறையவே இல்லை. மீட்டுத் தருவதாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால், அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இரண்டாவது காரணம், பங்கிடாமை. ஒரு வன்தட்டு என்பது ஒரு பெரிய மனையைப் போன்றது. அதை வேலியிட்டுப் பகுதிகளாகப் பிரித்தபின்பே கணினி அதில் கோப்புகளை வைக்கும். சில கணினிகளில் ஒரு பகுதி மட்டும் வேலியிடப்பட்டு, எஞ்சிய நிலம் தரிசாகக் கிடப்பதுண்டு. பழைய சிறிய தட்டிலிருந்தவற்றை அப்படியே புதிய பெரிய தட்டுக்கு நகலெடுப்போர் வீடுகளில் இது மிகுதி. நகலோடு பழைய வேலியின் அளவும் வந்துவிடுகிறது. ஆகவே புதிய தட்டில் கூடுதலாகவுள்ள இடம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

இதைக் காண விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்னும் கருவி இருக்கிறது. ஒதுக்கப்படாத இடம் அதில் கறுப்புப் பட்டையுடன் தனியே தோன்றும். அவ்விடம் நம் பகுதிக்கு வலப்புறத்தே ஒட்டியிருக்குமாயின், அக்கருவியைக் கொண்டே பகுதியை நீட்டிக்கொள்ளலாம். இடையில் வேறொரு பகுதி இருந்தால் இக்கருவியால் இயலாது; அறிந்தவர் துணையை நாடுதல் நன்று.

நான்கு டெராபைட்டுத் தட்டு வாங்கியவர்க்குப் பாதிதான் பயன்படுகிறது என்றால், அதற்கும் ஒரு காரணம் உண்டு. 'எம்.பி.ஆர்.' என்னும் பழைய பங்கீட்டு முறையில், தட்டின் கட்டங்களை எண்ணுவதற்கு 32 இலக்கங்கள் கொண்ட இருமை எண்ணே இடம்பெற்றது. ஒவ்வொரு கட்டமும் 512 பைட்டு என்று கொண்டால், அந்த எண்ணால் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்குமேல் எட்டிப்பார்க்க முடியாது. அப்பாலுள்ள நிலத்துக்கு முகவரியே இல்லை! 'ஜி.பி.டி.' என்னும் புதிய முறைக்கு மாற்றினால் முழுத்தட்டும் பயன்படும். ஆனால் அந்த மாற்றத்தை டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியே செய்வதற்கு, தட்டிலுள்ள பகுதிகளை முதலில் அழிக்க வேண்டும். ஆகவே உள்ளிருப்பவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைக்காமல் இதில் கை வைக்கலாகாது.

மூன்றாவது காரணம், இயங்குதளம் தன் பணிக்கு ஒதுக்கிக்கொள்ளும் இடம். கணினி ஆழ்ந்து உறங்கும்போது, தன் நினைவகத்திலுள்ளவற்றைத் தட்டில் எழுதிவைத்துக்கொள்ள ஒரு கோப்பை வைத்திருக்கிறது. நினைவகம் போதாதபோது தட்டையே நினைவகம்போலக் கையாள மற்றொரு கோப்பை வைத்திருக்கிறது. பழுது நேர்ந்தால் முந்திய நிலைக்குத் திரும்புவதற்கு மீட்புப் புள்ளிகளைச் சேர்த்து வைக்கிறது. 2019-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதுப்பித்தல் தடையின்றி நிகழ்வதற்காக ஏறத்தாழ ஏழு ஜிகாபைட்டைத் தனியே ஒதுக்கிவைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. இக்கோப்புகள் பெரும்பாலும் மறைந்திருப்பவை. கோப்புறைகளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டினால் இவை கூட்டலில் வாரா. வீட்டில் தூண்களுக்கும் சுவர்களுக்கும் படிக்கட்டுக்கும் போன இடத்தைப் 'போன இடம்' என்று யாரும் வருந்துவதில்லை; அவை இல்லையேல் வீடே இல்லை. இவையும் அத்தகையன.

நான்காவது காரணமே நம் கைக்கு எட்டுவது. நாமே சேர்த்து மறந்த பொருள்கள். ஒரு கோப்பை அழித்தால் அது அப்பொழுதே அழிவதில்லை. 'ரீசைக்கிள் பின்' என்னும் குப்பைத்தொட்டிக்குச் செல்கிறது. தொட்டியை ஒழிக்கும்வரை இடம் திரும்பாது. புதிய விண்டோஸ் நிறுவப்பட்டதும், பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ் ஓல்ட்' என்னும் கோப்புறையில் தங்கிவிடுகிறது. பத்து நாள் கழித்தே அது தானாக நீங்கும். செயலிகள் தம் வேலைக்கு இடையே எழுதி விட்டுச்சென்ற தற்காலிகக் கோப்புகள் வேறு. ஒரே பாடநூலை மூன்றுமுறை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருப்பது வேறு.

சிறு கோப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணினி இடத்தை அளந்து தருவது துளித் துளியாக அன்று, படிப் படியாகவே. விண்டோஸில் வழக்கமான படி நான்கு கிலோபைட்டு. ஐந்து கிலோபைட்டுக் கோப்புக்கு இரண்டு படி, அதாவது எட்டு கிலோபைட்டு, தரப்படும். பெரிய பென் டிரைவ்களில் வழங்கும் 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஒரு படி 128 கிலோபைட்டாகவும் இருக்கும். அதில் ஒரு கிலோபைட்டுக் கோப்புகள் ஆயிரத்தை வைத்தால், உள்ளடக்கம் ஒரு மெகாபைட்டுக்குக் குறைவே. கொண்ட இடமோ 125 மெகாபைட்டு. இத்தகைய சிறு கோப்புகளை 'ஜிப்' முறையில் ஒரே பொதியாகக் கட்டிவைத்தால் அந்த இடம் மீளும்.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகளாக நின்றுவிடாமல் இருக்க, நான் நேரிற்கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் பயிலும் மாணவர் ஒருவர் இருக்கிறார். அவர் தந்தையார் தவணையில் வாங்கித் தந்த மடிக்கணினியில் 256 ஜிகாபைட்டு என்று எழுதியிருந்தது. திரையில் 237 என்று காட்டியது; அதிலும் எஞ்சியிருந்தது ஒன்பது மட்டுமே. தம் கோப்புகளைக் கூட்டிப் பார்த்ததில் 60 தான் வந்தது. செய்முறைத் திட்ட அறிக்கையை ஒப்படைக்க ஒரு வாரமே இருந்த நேரம் அது. "கடைக்காரர் சிறிய தட்டைப் பொருத்தி ஏமாற்றிவிட்டார்" என்று தந்தையார் சண்டைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அக்கடைக்காரர் அவருக்கு இருபது ஆண்டுப் பழக்கம்.

"தம்பி, முதலில் கணக்கு எழுதுவோம், அதன்பின் வழக்கு நடத்துவோம்" என்று சொல்லி, மாணவரை ஒரு தாளில் பட்டியலிடச் செய்தேன். 256 என்பது 238 ஆவது எண்ணும் முறையால். கணினி தொடங்குவதற்கும் பழுது நீக்குவதற்கும் உரிய சிறு பகுதிகளுக்கு ஏறத்தாழ ஒன்று போக, 237. கடைக்காரர் மேலிருந்த பழி அங்கேயே நீங்கியது. தந்தையார் நாற்காலியில் அமர்ந்தார்.

பிறகு அந்த 237-க்குக் கணக்கு எழுதினோம். தட்டில் எது எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்பதைப் படமாகக் காட்டும் 'வின்டிர்ஸ்டாட்' போன்ற இலவசச் செயலிகள் உள்ளன. நிர்வாகி உரிமையோடு அதை இயக்கினோம். அவ்வுரிமை இல்லையேல் மறைந்த கோப்புறைகள் பல கணக்கில் வாரா. விண்டோஸுக்கு 30, செயலிகளுக்கு 47, உறக்கக் கோப்புக்கு 3, நினைவகத் துணைக்கோப்புக்கு 8, மீட்புப் புள்ளிகளுக்கு 7, முந்திய வாரம் புதுப்பித்ததால் எஞ்சிய பழைய விண்டோஸுக்கு 24, குப்பைத்தொட்டிக்கு 11, தற்காலிகக் கோப்புகளுக்கு 8. இவற்றோடு மாணவரின் 60-ஐயும், காலியான 9-ஐயும் கூட்டினால் 207. இன்னும் 30 எங்கே?

அந்த 30 ஜிகாபைட்டு, மாணவர் அறியாத பெயருடைய ஒரு கோப்புறையில் இருந்தது. அவர் அதைத் திறக்க முயன்றால் அனுமதி இல்லை என்று கணினி மறுத்தது. "ஐயா, இது என்னுடையது அன்று. ஏதோ வேண்டாத கோப்புறை. இதை அழித்தாலே போதும் என்று நண்பரும் சொல்கிறார்" என்றார் மாணவர். நிர்வாகி உரிமை இருந்தமையால் அழித்துவிடுவது ஒரு நொடி வேலைதான்.

"இந்தக் கணினியை வேறு யாரேனும் பயன்படுத்தியது உண்டா?" என்று கேட்டேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. உள்ளிருந்து தாயார்தாம் விடை சொன்னார். மூத்த மகள் வெளியூரில் செவிலியர் பணிக்குச் செல்லுமுன், சில மாதம் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி அக்கணினியைப் பயன்படுத்தியிருக்கிறார். கைப்பேசியிலிருந்த படங்கள் அனைத்தையும் அதில் ஏற்றிவைத்துவிட்டு, கைப்பேசியைத் துடைத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படங்களுள், மறைந்த பாட்டியாரின் கடைசி ஆண்டுப் படங்களும் இருந்தன. வேறு நகல் எங்கும் இல்லை.

மாணவர்களே, இங்கே ஓர் உண்மையை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும். பழைய காந்தத் தட்டுகளில் ஒரு கோப்பை அழித்தால், அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை அதன் உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அறிந்தவர் முயன்றால் மீட்கலாம். இன்றைய மடிக்கணினிகளில் பொருத்தப்படும் எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளில் நிலைமை வேறு. எந்த இடம் இனி வேண்டாம் என்பதை இயங்குதளம் தட்டுக்கு உடனே அறிவித்துவிடுகிறது. தட்டும் அவ்விடத்தைத் துடைத்துக்கொள்கிறது. குப்பைத்தொட்டியையும் ஒழித்தபின் மீட்பது பெரும்பாலும் இயலாது. இடம் மீளும், பொருள் மீளாது.

அன்று நாங்கள் செய்தது என்ன? அந்த 30-ஐத் தொடவில்லை. திட்ட அறிக்கையை முதலில் ஒரு பென் டிரைவில் நகலெடுத்தோம். பழைய விண்டோஸுக்கு இனித் திரும்ப வேண்டியதில்லை என்று உறுதிசெய்தபின் அந்த 24-ஐ நீக்கினோம். குப்பைத்தொட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, 11-ஐ ஒழித்தோம். தற்காலிகக் கோப்புகள் 8-ஐ நீக்கினோம். மீட்புப் புள்ளிகளுக்கான உச்ச வரம்பைக் குறைத்ததில் 4 கிடைத்தது. ஆக 47 ஜிகாபைட்டு மீண்டது. ஒன்பதாக இருந்த இடம் 56 ஆயிற்று. புதிய தட்டு வாங்கவும் இல்லை. கடைக்காரரோடு பகையும் இல்லை. தமக்கையார் விடுமுறையில் வந்தபோது, தம் படங்களைத் தாமே ஒரு வெளித்தட்டில் எடுத்துக்கொண்டார்.

இதிலிருந்து நீங்கள் பின்பற்றத்தக்க ஒழுங்கு ஒன்று விளங்கும். முதலில் இழக்கக் கூடாதவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். அடுத்து, கணக்கு எழுதுங்கள். விண்டோஸில் 'செட்டிங்ஸ்', அதனுள் 'சிஸ்டம்', அதனுள் 'ஸ்டோரேஜ்' என்று சென்றால் எதற்கு எவ்வளவு இடம் என்னும் பட்டியல் கிடைக்கும். அதற்கடுத்து, உரியவரைக் கேளுங்கள். அதன்பின்பே நீக்குங்கள். நீக்கும்போதும், இயங்குதளம் தரும் கருவி வழியாகவே நீக்குங்கள். தற்காலிகக் கோப்புகளின் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்னும் வரியும் இருக்கும்; அதைக் குறியிட்டால் நீங்கள் இறக்கிவைத்த பாடங்களும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு வரியையும் படித்துக் குறியிடுக.

தொடக்கூடாதவை சில உண்டு. விண்டோஸ் கோப்புறைக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒன்று இருக்கும். பார்வைக்கு அது மிகப் பெரியது. ஆனால் ஒரே கோப்பு இரண்டு பெயர்களில் இரண்டு இடங்களில் தோன்றுவதால், அதன் அளவு உள்ளதைவிட மிகையாகத் தெரியும். அதைக் கையால் அழித்தால் கணினி எழாமற் போகலாம். 'டிஸ்க் கிளீனப்' என்னும் கருவியில் பழைய புதுப்பிப்புகளை நீக்கும் வரி உண்டு. அதுவே அதற்குரிய வழி. உறக்கக் கோப்பையும் அவ்வாறே கையால் அழித்தலாகாது. ஆழ்ந்த உறக்க வசதியையே நிறுத்தினால் அக்கோப்பு தானாக மறையும். ஆனால் கணினி விரைவாகத் தொடங்கும் வசதியும் அதனோடு போகும். பெறுவதையும் இழப்பதையும் சீர்தூக்கி முடிவு செய்க.

ஐந்தாவது காரணமாக, உண்மையான இழப்பைச் சொன்னேன். மின்சாரம் திடீரென்று நின்றால், கோப்புகளின் பதிவேடு குலைந்து, சில இடங்கள் உரியவர் இல்லாமல் நின்றுவிடலாம். 'செக் டிஸ்க்' என்னும் கருவி அப்பதிவேட்டைச் சரிபார்க்கும். தட்டின் சில கட்டங்களே பழுதுபட்டிருந்தால், அக்கருவி அவற்றைக் குறித்து ஒதுக்கிவிடும். ஆனால் பழுது தொடர்ந்து வளருமாயின், அது இடத்தைப் பற்றிய கேள்வியன்று; தட்டின் ஆயுளைப் பற்றிய கேள்வி. உடனே அனைத்தையும் நகலெடுக்க வேண்டும்.

உண்மையான ஏமாற்றும் இல்லாமல் இல்லை. நம்ப முடியாத குறைந்த விலையில், இரண்டு டெராபைட்டு என்று சொல்லி விற்கப்படும் பென் டிரைவ்கள் சில, உண்மையில் அதில் சிறு பங்கே கொள்ளும். திரையில் மட்டும் பெரிய எண்ணைக் காட்டுமாறு அவற்றின் உட்கட்டுப்பாடு திருத்தப்பட்டிருக்கும். நிரப்பிக்கொண்டே போனால், எல்லையைக் கடந்தபின் எழுதியவை எல்லாம் பாழாகும். இத்தகைய கருவியை வாங்கியவுடன், முழுவதும் எழுதிப் பார்த்து மீண்டும் படித்து ஒப்பிடும் சோதனைச் செயலியால் ஆராய்ந்துகொள்வது நன்று. இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? நேர்மையான தட்டு சொன்னதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. போலியானது சொன்னபடியே காட்டுகிறது! தோற்றத்தைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனி, நிரம்பியபின் தேடுவதைவிட நிரம்பாமல் காப்பதே எளிது. மாதம் ஒருமுறை, கால்மணி நேரம் ஒதுக்குங்கள். எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்று ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதுங்கள். சென்ற மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். திடீரென்று பெருங்குறைவு ஏற்பட்டிருந்தால், நினைவு பசுமையாக இருக்கும்போதே காரணம் தேடுங்கள். கோப்புறைகளுக்குப் பொருள் விளங்கும் பெயர் இடுங்கள். 'புதியது', 'புதியது இரண்டு' என்று பெயரிட்டவற்றை ஓராண்டு கழித்து நீங்களே அறியமாட்டீர்கள். தட்டு முழுவதையும் நிரப்பாமல் ஓரளவு காலியாக விட்டுவையுங்கள். புதுப்பித்தலுக்கும் இயங்குதளத்தின் அன்றாடப் பணிக்கும் அந்த இடம் வேண்டும்.

கணினி நமக்குக் கற்பிக்கும் பாடம் கணினியோடு நிற்பதன்று. ஒரு கணக்கு இடிக்கிறது என்றால், ஏமாற்றப்பட்டோம் என்பது பல விடைகளுள் ஒன்று மட்டுமே. அளவுகோல் வேறாக இருக்கலாம், நமக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கலாம், நாமே வைத்து மறந்திருக்கலாம், உடன் வாழும் மற்றொருவரின் உடைமையாக இருக்கலாம். இவற்றையெல்லாம் ஆராய ஓர் எழுதுகோலும் ஒரு தாளும் சிறிது பொறுமையும் போதும். ஆராயாமல் பழி சொன்னால் நல்ல மனிதர் ஒருவரை இழப்போம். ஆராயாமல் அழித்தால் திரும்பப் பெற முடியாத ஒன்றை இழப்போம்.

அடுத்தமுறை உங்கள் கணினி 'இடம் இல்லை' என்று சொல்லும்போது, அழிக்கும் விசைக்கு விரைவதற்கு முன் தாளை எடுத்து ஐந்து வரி எழுதுங்கள். அதுவே மறைந்த இடத்தைக் கண்டறியும் வழி.